மடவை வயிற்றில் கத்திரிப்பூக் குருணை

அன்புள்ள மகன் பென்னிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், அப்பா, சுகிர்தா, அவள் வயிற்றில் இருக்கும் உன் பிள்ளை எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன், முழங்கால் வலிக்கிற நாளில் பாயில் உட்கார்ந்தபடியே ஜெபிக்கிறேன், அவருக்கு இரண்டும் கேட்கும். முந்தாநாள்தானே வீடியோவில் முகம் பார்த்துப் பேசினோம், இப்போது எதற்குக் கடுதாசி என்று நீ பயப்படவேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் எப்போதும் சுகிர்தா கையில்தான் இருக்கிறது, நான் பேசினாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று என் நெஞ்சில் கிடக்கிறது. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்த நம் தெரு பாக்கியராஜ் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், சிரிக்காமல் படி.

முதலில் வீட்டு விஷயம். சுகிர்தாவுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்றுவிட்டது, இப்போது வாய் திறந்தால் மாங்காய்தான், இந்த மார்கழியில் மாங்காய்க்கு நான் எங்கே போவேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரையை முகம் சுளித்துக்கொண்டு போடுகிறாள், போட்டதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுகிறேன், சின்னப் பிள்ளை மாதிரி நாக்கின் அடியில் ஒளிக்கிறவள் அவள். அப்பாவுக்குக் கேட்டில் செக்யூரிட்டி வேலையே தொடர்கிறது, மழைக்கு நின்று நின்று சளி பிடித்து இப்போது பரவாயில்லை. சமையல்கட்டு ஓட்டில் ஒழுகுகிறது, நீ வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், நீ வருவதற்குள் சமையல்கட்டே மிஞ்சாது என்று சொல்லியிருக்கிறேன். சபையில் கேரல் ரவுண்டு ஆரம்பித்துவிட்டது, போன வருஷம் நீ அடித்த டிரம்மை இப்போது யார் யாரோ அடிக்கிறார்கள், ஒரு தாளமும் இல்லை.

நீ இறால் ஊறுகாய் கேட்டாய். பாக்கியராஜ் பையில் தேடாதே, ஊறுகாய் இல்லை. அதைப் போடாத காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசியே எழுதுகிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாக இரு.

என் கம்பெனி வேலை உனக்குத் தெரியும், ஆனால் உள்ளே நடப்பது முழுக்கத் தெரியாது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, கலர் சேர்த்து, ஜவ்வரிசி அளவுக்கு வெட்டி மூட்டை கட்டி அனுப்புகிறார்கள், அதைத்தான் நாங்கள் குருணை என்போம், அதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் திரும்ப உருக்கி குடம், பக்கெட், நாற்காலி செய்கிறார்கள். ஊர்க் குப்பையை உருப்படியாக்குகிற வேலை என்று சபையில் சாட்சி சொல்லும்போதுகூட நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மூட்டை கட்டும் இடத்தில் குருணை சிந்திக்கொண்டே இருக்கும், காலில் பட்டால் வழுக்கிவிடும், அதைச் சுத்தமாக வைப்பதுதான் என் வேலையும் தமிழ்செல்வி வேலையும். கூட்டி அள்ளினால் மண்ணோடு வரும், அதை மூட்டையில் போட முடியாது, தனியாகக் கழுவித் திரும்ப உருக்கவேண்டும், அதுவரை அது கழிவு என்று எங்கள் ஷிப்டு பேரில் போர்டில் ஏறும். போர்டில் ஏறினால் சூப்பர்வைசர் பார்த்திபன் ஆபீசில் திட்டு வாங்குவார், வாங்கிய திட்டை எங்களிடம் கொண்டுவந்து இறக்குவார். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் யோசனைதான், வேறு யாரையும் சொல்ல முடியாது. துடைப்பத்தால் கூட்டுவதை நிறுத்திவிட்டு ஹோஸ் பைப்பைத் திருகி ஒரே அடியாகத் தண்ணீர் அடித்தால் குருணை எல்லாம் ஓடி சாக்கடைக்குள் போய்விடும். அள்ளவேண்டாம், கழிவு ஏறாது, தரை கண்ணாடி மாதிரி இருக்கும். பின்சுவர் ஓரத்தில் சாக்கடை வெளியே போகிற இடத்தில் ஒரு கம்பிவலை இருக்கிறது, குருணை வெளியே போகாமல் நிற்பதற்கென்றே வைத்தது. மழை நாளில் அதில் குருணை அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே திரும்பும். அப்போதெல்லாம் அந்த வலையைக் கையால் தூக்கிவிடுவேன். குபுகுபுவென்று எல்லாம் போகும்.

அது போய் எங்கே சேரும் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை பென்னி. வீட்டு வாசலைக் கூட்டித் தள்ளினால் தெருவில் விழும், தெருவுக்குப் பிறகு எங்கே என்று யார் கேட்டோம். இத்தனைக்கும் எனக்கு அதற்குப் பரிசு வேறு கொடுத்தார்கள். இந்த ஆயுத பூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் எல்லோர் முன்னிலையிலும் கூப்பிட்டு, சுத்தமான ஷிப்டு கன்னியம்மா ஷிப்டு என்று சொல்லி ஒரு பெரிய டப் கொடுத்தார்கள். எங்கள் குருணையில் வார்த்ததுதான், கத்திரிப்பூ நிறம், அந்த நிறத்தில் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே வேறு யாரும் குருணை ஓட்டுவதில்லை. அதை நான் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. உன் மாமியார் குப்பம்மாளுக்குக் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்ட புதிதில் அந்தம்மா நம் வாசலை மிதிக்கமாட்டேன் என்று இருந்ததும், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து ஒரு ஓலைப்பெட்டி இறாலோடு வந்து நின்றதும், அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்ததும் உனக்குத் தெரியும். எத்தனை வாட்டி வாங்கியிருக்கிறேன், பதிலுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை என்று டப்பைத் தூக்கிக் கொடுத்தேன். சம்மந்தி, ஏரில புடிச்சத போட்டு வெச்சிக்க நல்லா கீது என்று அவளும் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது இறால் கொஞ்சமாகத்தான் இருந்தது, கூட நாலைந்து மடவை மீன். சுகிர்தா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தவள், அத்தே இத வந்து பாருங்க என்று கூப்பிட்டாள். மடவை சேற்றைத் தின்கிற மீன், குடலைக் கீறினால் கறுப்பாகச் சேறு வரும், அந்தச் சேற்றில் அவள் விரல் நுனியில் ஒரு மணி. கழுவிக் காட்டினாள். கத்திரிப்பூ நிறம். எங்கள் குருணைதான், எங்கள் சாக்கடை ஓடையில் விழுந்து ஓடை ஏரிக்குப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. குப்பம்மாள் அதைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. இதா, இது ஏரி பூரா கீது சம்மந்தி, சேத்துல கைய வுட்டா இறாலு சிக்கற எடத்துல இதான் சிக்குது, ஒரே பேஜாரா பூட்சி, மொதல்ல மீன் முட்டைனு நெனச்சேன், நசுக்கிப் பாத்தா நசுங்கல என்றாள். கேரளாப் பக்கம் கப்பல் ஒன்று மூழ்கி இதே மாதிரி கரையில் ஒதுங்கியதாக டிவியில் காட்டினார்களே, அதுதான் இங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று அவர்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். நீ கம்பெனில கீறியே, உனக்குத் தெரியுமே, கப்பல்லேர்ந்துதான் வந்துதா என்று என்னைக் கேட்டாள்.

நான் ஆமாம் என்று சொன்னேன். கப்பலில் வந்ததாகத்தான் இருக்கும் என்று சொன்னேன் பென்னி. சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புளி கரைத்தேன். அன்றைக்கு அந்த மீனைத்தான் குழம்பு வைத்தோம், சுகிர்தா இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அவளை வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஒவ்வொரு வாய் அவள் எடுத்து வைத்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் வேறு எதையோ கேட்கிற மாதிரி விசாரித்தேன், குடலை எடுத்துவிட்டுச் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள், அதைக் கேட்டும் மனசு ஆறவில்லை.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் உன் அப்பாதானே, ஒருத்தி பைப்ப மூடிட்டா சமுத்திரம் சுத்தமாய்டுமா, வேலய பாத்துகினு போ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பகல் முழுக்க நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதால் அதிகம் சண்டை போட முடியவில்லை. மறுநாள் போய் ஹோஸ் பைப்பைச் சுருட்டி மாட்டிவிட்டேன். மூட்டை கட்டும் இடத்தில் அடியில் பழைய தார்ப்பாயை விரித்தோம், சிந்துவது அதிலேயே விழுந்தால் மண் ஒட்டாது, நேராக மூட்டையில் போட்டுவிடலாம். இத்தனை சுலபமான காரியம் இத்தனை நாள் தோன்றவில்லை பார். தார்ப்பாய்க்கு வெளியே தெறிப்பதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினோம், அது கழிவு என்று போர்டில் ஏறியது. பார்த்திபன் வந்து, இன்னாம்மா நல்லாதான போய்க்கினு இருந்துது, புச்சா இன்னா ஆரம்பிச்சிகீற என்று கத்தினார். தமிழ்செல்விக்கும் என்மேல் வருத்தம், வேலை இரட்டிப்பாகிவிட்டது. மடவை வயிற்றில் இருந்ததை அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கூட்ட ஆரம்பித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லவளாக உனக்கு எழுதியிருப்பேன். கார்த்திகையில் புயல் மழை பிடித்ததே, அன்றைக்கு நான் ஷிப்டில் இருந்தேன். பின்னால் சாக்கடையில் பழைய குருணை எல்லாம் கிளம்பி வந்து கம்பிவலையில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே ஏறி மெஷின் பக்கம் போகிறது, பெண்பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறார்கள், சுவர் ஓரமாக கரண்டு ஒயர் போகிறது. முறத்தால் அள்ளி அள்ளிப் பார்த்தேன், அள்ள அள்ள வருகிறது. வலைய தூக்கும்மா, தூக்கு, யாராச்சும் செத்துட போறாங்க என்று பார்த்திபன் கத்துகிறார். தூக்கிவிட்டேன். ஹோஸ் பைப்பைச் சுருட்டி மாட்டிய அன்று, இனிமேல் வலையைத் தொடமாட்டேன் என்று பைபிள்மேல் கை வைத்துச் சொன்ன அதே கை. வெள்ளையும் பச்சையும் கத்திரிப்பூவுமாக எல்லாம் ஒரே ஓட்டமாகப் போயிற்று. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் தூக்கியது தப்பு என்று சொல்ல வரவில்லை, ஏரியை நினைத்தால் சரி என்றும் சொல்ல வரவில்லை. மழை விட்டதும் லீவு போட்டுவிட்டுப் பழவேற்காடு பஸ் ஏறினேன், சுகிர்தாவிடம் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன் என்று ஒரு பொய் சொன்னேன், பொய்க்குப் பொய் துணை.

குப்பம்மாள் வீட்டில் இல்லை, ஏரியில் இருப்பதாகச் சொன்னார்கள். கரையோரம் போய்ப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீரில் குனிந்துகொண்டு சேற்றில் இரண்டு கையையும் விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறாள். நீ பார்த்திருப்பாய், இறால் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தடவுவதற்கு வேண்டுமே. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் கண்ணால் என்ன என்று கேட்டாள், சுகிர்தாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாள், பிள்ளை நல்லா இருக்கிறாள் என்று முதலில் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் இல்லை சம்மந்தி, நான்தான் என்று சொன்னேன். ஹோஸ் பைப், கம்பிவலை, ஆயுத பூஜைப் பரிசு, அந்த டப், புயல் அன்று திரும்பத் தூக்கியது எல்லாம் சொன்னேன். பறியைக் கவ்விக்கொண்டிருக்கிறவளால் பதில் பேச முடியாது, அது தெரிந்துதான் அந்த நேரம் பார்த்துச் சொன்னேனோ என்னவோ, இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் பறியைப் பல்லிலிருந்து எடுக்கவே இல்லை. கேட்டு முடித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், திரும்பக் குனிந்து சேற்றில் கையை விட்டுத் தடவிக்கொண்டே போய்விட்டாள். நான் சேலை முழுக்கச் சேறோடு கரையேறி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பம்மாள் வருவதில்லை. டப் மட்டும் வந்துவிட்டது, உன் மாமனார் பச்சையப்பன் இந்தப் பக்கம் வந்தவர் கேட்டில் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்குக் கால் வலியாம் அத்தே, அதான் வர்ல என்று சுகிர்தா சொல்கிறாள். அந்தம்மா தன் மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை பென்னி. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதைத்தான் தாங்க முடியவில்லை. பச்சையப்பன் அண்ணனுக்குத் தெரியுமா தெரியாதா என்றும் தெரியவில்லை. அவர்கள் ஊரில் இந்தக் குருணையைப் பற்றி ஆபீசருக்கு மனு கொடுக்கப் பேச்சு நடக்கிறதாம், யாராவது வந்து கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன், வேலை போனால் போகட்டும், இதை நீயும் மனசில் வைத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் இருக்கும்போது, உங்க சம்மந்தியம்மா பின்னாடி சந்துல நின்னுகினு கீறாங்க என்று தமிழ்செல்வி வந்து சொன்னாள். ஓடினேன். சுவருக்கு வெளியே எங்கள் சாக்கடை ஓடையில் சேருகிற இடத்தில் அவள் முட்டியளவு தண்ணீரில் நிற்கிறாள், தோளில் பழைய இறால் வலை, பொடிக் கண் வலை, அதை நீளமாகப் பை மாதிரி தைத்து எடுத்து வந்திருக்கிறாள். தட்டையா வலை வெச்சா அடச்சிக்கும், பையா வுட்டா அடிலபோய் நிக்கும், தண்ணி பாட்டுக்குப் போய்க்கினு இருக்கும், ரொம்பினதும் அவுத்துக் கொட்டு என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சாக்கடையைப் பார்த்துச் சொன்னாள். நான் இறங்கிப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேருமாக சாக்கடை வாயைச் சுற்றி இழுத்துக் கட்டினோம். பார்த்திபன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார், தண்ணீர் நிற்காமல் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கட்டி முடித்ததும் குப்பம்மாள் ஏரியில் தடவுகிற மாதிரியே குனிந்து ஓடைச் சேற்றில் கையை விட்டுத் தடவி, ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் அலசி, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். முழுக்கக் குருணை. உனுக்கோசரம் தைக்கல என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டுப் போ என்று கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

இப்போது அந்த வலைப் பை நிரம்ப நிரம்ப நானும் தமிழ்செல்வியும் அவிழ்த்துக் கொட்டுகிறோம். கத்திரிப்பூ டப்பைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டுபோய் அதற்குத்தான் வைத்திருக்கிறேன், கழிவு போர்டில் ஏறினால் ஏறட்டும். ஏற்கெனவே ஏரிக்கும் கடலுக்கும் போனதை யார் வலை போட்டும் எடுக்க முடியாது, அது எனக்குத் தெரியும். கடைக்குப் போனால் துணிப்பை எடுத்துக்கொண்டு போகிறேன், மீனுக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு போகிறேன், ஊர் சிரிக்குது என்று அப்பா கிண்டல் செய்கிறார், செய்துவிட்டு அவரே இப்போது கேட்டில் டீக்கு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறார். நீயும் அங்கே பார்சல் சோற்றை அந்த வெள்ளை டப்பாவில் வாங்கித் தின்கிறாய் என்று பாக்கியராஜ் சொன்னான், நான் கொடுத்தனுப்பும் டிபன் கேரியரில் வாங்கிக்கொள். நீ வேலை செய்கிற கப்பல் பட்டறையில் சுரண்டுவது, கூட்டுவது எதுவானாலும் தண்ணீரில் தள்ளச் சொன்னால் தள்ளாதே, அது எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேள், உன் அம்மா கேட்கவில்லை.

இந்தக் கடுதாசி உன் கைக்கு வருவதற்குள் சுகிர்தாவிடம் நானே சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சொல்வதாக இருக்கிறேன், பிள்ளைத்தாய்ச்சியிடம் இதைச் சொல்லலாமா என்று அப்பா தடுக்கிறார், ஆனால் அவள் அம்மாவுக்குக் கால் வலி என்று நினைத்து தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், அந்தத் தைலத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அவள் அழுதுகொண்டே உனக்குப் போன் செய்வாள். அப்போது எனக்காகப் பேசாதே. அம்மா வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லாதே. அவள் பக்கமே பேசு, கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டில் போய் இருக்கிறேன் என்று கேட்டால் சரி என்று சொல்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், உன் பிள்ளையின் முகத்தை நீ சுகமாகப் பார்க்கவேண்டும். மறக்காமல் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு ஏசியில் தூங்கு. ஊறுகாயை உன் மாமியாரிடம் போனில் கேட்டுவிடாதே. அந்தம்மா தன் கையால் பிடித்த இறாலோடு திரும்பவும் நம் வாசலில் வந்து நின்றால் அன்றைக்கே போட்டு அனுப்புகிறேன், அதுவரை என்னிடமும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. கன்னியம்மா
கும்மிடிப்பூண்டி